வெர்னாவின் தோட்டம்

அத்தியாயம் 17

போன வாரம் நோரிஸ் லிரெட்டைப் படகுத்துறைப் பலகையில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். மனிதர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார். எழுந்து போக வேறு இடம் இருந்தால்தானே?

நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு பீறிட்டுப் பதினைந்து வாரம் ஆகிறது. அதன் வாயை அடைத்து மூன்று வாரம். வந்து குவிந்த கேமராக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஷோவான் ஊரின் ஓடையில் இறால் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன; வலைகள் காய்ந்து விறைத்துவிட்டன. ஆகஸ்ட் வெயில் காலை ஏழு மணிக்கே முதுகைச் சுட்டது. ஊரே அலுத்துப் போயிருந்தது. கோபப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை.

நோரிஸ் இறால் பிடிப்பவர் இல்லை. கப்பலின் மேல்தளத்தில் ஓர் இரும்பு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, கம்பியில் கட்டிய ரோபோ நீர்மூழ்கி ஒன்றைக் கடலின் அடிக்கு அனுப்புவார். அது காட்டுவதைத் திரையில் பார்த்துப் பார்த்து ஓட்டுவார். பதினான்கு நாள் கடல், பதினான்கு நாள் வீடு. முப்பது வருஷமாக இதே பிழைப்பு. அந்த யந்திரத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கழுதை.

கைபேசி அடித்தது. கார்லண்ட்.

கார்லண்ட் மேலாளர் மட்டுமல்ல, முப்பது வருஷக் கூட்டாளி. மகள் ரெனெல்லின் ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன். அந்த உரிமையில் நலம்கூட விசாரிக்காமல் ஆரம்பித்தார்.

"டேய், பழைய டேப்பைக் கேட்டிருக்காங்கடா."

"எந்த டேப்பு?"

"தெரியாத மாதிரி கேக்காத. ஆறு வருஷம் முன்னாடி குழாய் போடறதுக்காக நாம பாத்துக் குடுத்தோமே, அந்தப் பாதை. பல்கலைக்கழகக் கப்பல்காரங்க கோர்ட்டுக்குப் போய் உத்தரவு வாங்கிட்டாங்க. திங்கக்கிழமை அவங்க கைக்குப் போகுது."

நோரிஸ் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கழுதை நீரில் இறங்கியதும் ஓட்டுபவன் ஒலிப்பதிவில் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்: இறக்கத்தின் எண், தேதி, ஆழம், தன் பெயர். அதற்குப் பிறகு கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சேறு என்றால் சேறு, கல் என்றால் கல். சொன்னது மட்டும்தான் பதிவேட்டில் ஏறும். சொல்லாமல் விட்டது கடலில் இல்லை என்று அர்த்தம்.

"உன் குரல்தான் அதுல இருக்கு," என்றார் கார்லண்ட். "யார் கேட்டாலும் ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லிடு. ஆறு வருஷம் ஆச்சு, எவனுக்குடா ஞாபகம் இருக்கும்?"

"எனக்கு இருக்கு."

"எனக்குந்தான் இருக்கு. இருக்குன்னு வெளிய சொல்லாத, அவ்வளவுதான்." குரல் கொஞ்சம் தணிந்தது. "புள்ள இன்னிக்கு வருதாமே? நான் விசாரிச்சேன்னு சொல்லு."

என்ன ஞாபகம் என்றுதானே கேட்கிறீர்கள்? நாலாயிரத்து ஐந்நூறு அடி ஆழத்தில், சூரியன் எட்டிப் பார்க்காத இருட்டில், கழுதையின் விளக்கு ஒரு மேட்டின் மேல் விழுந்தது. மேடு முழுக்கப் பவளம். ஆள் உயரத்துக்கு விசிறி விசிறியாய், ஆரஞ்சும் பொன்னுமாய். ஒவ்வொரு கிளையிலும் நீளக் கை நட்சத்திர மீன் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நோரிஸ் அப்படி ஒன்றை அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பவளம் என்று சொல்லியிருந்தால் விதிப்படி மேட்டைச் சுற்றி முழுவதும் அளக்க வேண்டும். குழாயின் பாதையை வளைக்க வேண்டும். இன்னும் நாலு நாள் கடல். ஆனால் மறுநாள் விடியற்காலை ஹெலிகாப்டரில் அவருக்கு இடம் இருந்தது. அந்த ஹெலிகாப்டரைத் தவறவிட அவருக்கு மனசில்லை.

ஒலிப்பதிவில், "கல்தரை. வேறொன்றும் இல்லை," என்று சொல்லிவிட்டார்.

*

ரெனெல் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தாள். பத்தொன்பது நாள் பல்கலைக்கழக ஆராய்ச்சிக் கப்பலில் இருந்துவிட்டு வருகிறாள். ஜீப்பிலிருந்து இறங்கி, கட்டைக்கால்களின் மேல் நின்ற அந்த வீட்டின் பதினான்கு படிகளையும் ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இருபத்தெட்டு வயது. அன்றைக்குப் பார்த்தால் நாற்பது சொல்லலாம்.

"குச்சியாட்டம் ஆயிட்டியேடி! கப்பல்ல சோறே போடலியா?" வெர்னா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"போட்டாங்கம்மா. எறங்கத்தான் இல்ல."

"இங்க எறங்கும். வா, கை கழுவு. தலைய என்ன பண்ணி வெச்சிருக்க, காக்கா கூடு மாதிரி!"

வெர்னாவுக்கு இறால் கொட்டகையில் எடை போடும் வேலை. கொட்டகை மே மாதமே மூடிவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. உறைபெட்டியின் அடியிலிருந்து, எண்ணெய் வருவதற்கு முந்தைய வாரம் தேதி எழுதிக் கட்டி வைத்த கடைசி இறால் பையை எடுத்து வெட்டியிருந்தாள். வெண்டைக்காய் போட்ட கம்போக் குழம்பு அடுப்பில் கொதித்தது.

நோரிஸ் மகளைக் கட்டிக்கொண்டார். கடலும் டீசலும் அவள் சட்டையில் மணத்தன.

"கார்லண்ட் விசாரிச்சான்," என்றார்.

"பாரென் எப்படி இருக்காரு?" ஞானத்தகப்பனை அந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அவரப் பாத்து எவ்வளவு நாளாச்சு!"

சாப்பாட்டு மணம் பிடித்துக்கொண்டு டட்லியும் வந்து சேர்ந்தான். வெர்னாவின் தம்பி. சொந்தப் படகு, சொந்தக் கடன், முழங்கால் வரை வெள்ளை ரப்பர் பூட்ஸ்.

"என்ன டாக்டரம்மா! கடலுக்கு அடியில உன் சொந்தக்காரங்கல்லாம் சௌக்கியமா?"

"செத்துக்கிட்டிருக்காங்க மாமா," என்றாள் ரெனெல்.

கேலிக்குக் கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. டட்லி நாற்காலியை மெதுவாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

*

கம்போவும் சோறும் பாதி தட்டு போனதும் ரெனெல் மடிக்கணினியைத் திறந்தாள். "இத நீங்க பாக்கணும். கப்பல்ல பாத்தவங்க யாரும் அன்னிக்கு ஒரு வார்த்த பேசல."

திரையில் ஒரு மேடு. அதன் மேல் விசிறிகள். அவை விசிறிகளாக இருந்தவை என்றுதான் சொல்ல வேண்டும். பழுப்பு நிறத்தில் ஏதோ பஞ்சுபோல் ஒட்டிக்கொண்டு தொங்கியது. தோல் உரிந்த கிளைகள் கறுத்துத் தெரிந்தன. நட்சத்திர மீன்கள் வெளுத்துப்போய், பிடியை மட்டும் விடாமல் இருந்தன.

நோரிஸின் கையில் கரண்டி நின்றது. படத்தின் ஓரத்தில் எட்டுப் போட்டாற்போல் சுருண்டு கிடந்த ஓர் இரும்புக் கம்பிக் கயிறு. எந்தக் காலத்திலோ எந்தக் கப்பலிலிருந்தோ விழுந்தது. அந்தக் கயிற்றை அவருக்குத் தெரியும்.

"எண்ணெய்தான் போயிருச்சே," என்றான் டட்லி. "நானே பூராத் தண்ணியும் சுத்தி வந்தேனே. ஒரு சொட்டு இல்ல."

"மேல இல்ல மாமா. மேல தெரியக் கூடாதுன்னுதானே ப்ளேன்ல மருந்து அடிச்சாங்க, கிணத்து வாயிலயும் ஊத்தினாங்க? எண்ணெய் எங்கயும் போகல. பொடிப்பொடியா உடைஞ்சு, தண்ணியில இருக்கற அழுக்கோட சேந்து, மாவு சலிச்ச மாதிரி கீழ எறங்கிருச்சு. இது கிணத்துலேருந்து எட்டு மைல் தள்ளி. ஓடிப் போகக் கால் இருக்கா இதுக்கு?"

"வயசென்ன இதுக்கு?"

"ஐநூறு இருக்கும். ஒரு வருஷத்துல ஒரு முடி கனம்கூட வளராது."

"ஐநூறு வருஷமா உக்காந்த எடத்துல உக்காந்திருக்கு. நம்மூர் அதிகாரிங்களுக்குச் சொந்தக்காரங்க போல," என்றான் டட்லி. யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்தான். "பாரு ரெனெல், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. இத நீ போய் டீவியில சொன்னா, நாளைக்கு என் எறாவ எவன் வாங்குவான்?"

"எறா அந்த ஆழத்துல வாழாது மாமா."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சிகாகோவுல தட்டுல போட்டுத் திங்கறவனுக்குத் தெரியுமா? கடல் செத்துப்போச்சுன்னு மட்டும்தான் அவன் காதுல விழும். நீ பவளத்துக்கு அழற. எனக்கு அழ ஒரு ஆளக் காட்டு."

"சாப்பிடறப்பதான் இதெல்லாம் பேசணுமா?" என்றாள் வெர்னா.

"விடும்மா. மாமா சொல்றது தப்பில்ல." ரெனெல் கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். "எப்படியும் நான் சொல்லி ஒண்ணும் ஆகப் போறதில்ல. எண்ணெய்க் கம்பெனி ஒரே வார்த்தையில கைகழுவிட்டான். அங்க எப்பவுமே பவளம் கிடையாது, இருந்தாலும் அது பழங்காலத்துலயே செத்ததுங்கறான். கேட்டா, ஆறு வருஷத்துக்கு முந்தின சர்வேயக் காட்றான். கல்தரை. வேறொன்றும் இல்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கு. முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்ட எங்ககிட்ட ஒரு படம் இல்ல. செத்ததுக்கு சாட்சி இருக்கு. வாழ்ந்ததுக்கு இல்ல."

நோரிஸ் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

"யாரோ ஒரு சோம்பேறி ரோபோ பைலட்டுப்பா. ஆள் உயரப் பவளம், அதுக்கு மேல விளக்கப் போட்டுப் பாத்துட்டு, வாயத் தொறக்காம போயிருக்கான். டீ குடிக்கப் போகணும்னு அவசரமோ என்னவோ! திங்கக்கிழமை டேப்பு வருது, படம் இல்ல, குரல் மட்டும். மொத வார்த்தையே பேரு சொல்லணும் இல்ல? யாருன்னு தெரியட்டும், நேரா அவன் வீட்டுக்கே போய்க் கேக்கறேன்."

அவர் வாயைத் திறந்தார்.

அப்போதுதான் வெர்னா எழுந்து வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரைக்கு அருகே குனிந்தாள். பாத்திரம் துடைக்கும் துணி இன்னும் தோளில் இருந்தது.

"இந்தக் கயிறு..." என்றாள். "நோரிஸ், இது என் தோட்டம் இல்ல?"

*

ஆழத்தில் ஓட்டுபவர்களுக்கு ஒரு பழக்கம். பார்த்த இடத்துக்கெல்லாம் பெயர் வைப்பார்கள். வரைபடத்தில் ஏறாத பெயர்கள். பல்வலி மேடு, மாமியார் பள்ளம், இப்படி. அன்றைக்கு அந்த மேட்டைப் பார்த்ததும் நோரிஸ் தன் கைபேசியை எடுத்துத் திரையை நாற்பது விநாடி படம் பிடித்தார். வெர்னாவுக்கு அனுப்பி, 'இது உன் தோட்டம்' என்று எழுதினார். அவளும் பத்து நாள் கொட்டகையில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்தாள். அப்புறம் புதுக் கைபேசி வந்தது. பழையது இழுப்பறைக்குள் போனது.

"என்ன தோட்டம்மா?" ரெனெல் எழுந்து நின்றுவிட்டாள்.

"உங்கப்பா அனுப்பினாருடி. இதே கயிறு. நான்கூட, அடியாழத்துலயும் குப்ப போட்டு வெச்சிருக்கானுங்க பாருன்னு திட்டினேன். இரு, அந்தப் போன் எங்க..."

ரப்பர் வளையங்களுக்கும் காலாவதியான மாத்திரைகளுக்கும் நடுவிலிருந்து கைபேசி வந்தது. செத்துக் கிடந்தது. அதற்குரிய மின்கம்பியைத் தேட இன்னொரு இழுப்பறை. செருகினாள். உயிர் வரப் பத்து நிமிஷம் ஆகும் என்றாள்.

அந்தப் பத்து நிமிஷம் நோரிஸுக்குக் கிடைத்தது.

ரெனெல் சமையலறையில் இங்கும் அங்கும் நடந்தாள். களைப்பெல்லாம் எங்கே போயிற்றோ! "அப்பா, நீங்க எப்படி அங்க? வேற வேலையா அந்தப் பக்கம் போனீங்களா? தேதி இருக்கும்ல? அய்யோ, இது போதும்ப்பா! உயிரோட இருக்கற ஒரு கிளை தெரிஞ்சா போதும்! எங்க குழுத் தலைவி டாக்டர் ஹாலின்ஸ் குதிப்பாங்க!"

அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இப்படி முகம் மலர்ந்து அவளைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது. இப்போது சொன்னால் இந்த முகம் போய்விடும். திங்கட்கிழமை டேப் வந்தால், கப்பலில் பத்துப் பேர் நடுவில் நின்று கேட்பாள். அதுவும் அவர் குரலில்.

"ரெனெல்."

"ம்?"

"அந்தச் சோம்பேறி நான்தான்."

அவளுக்கு உடனே புரியவில்லை. வெர்னாவுக்கும் புரியவில்லை. டட்லிக்குத்தான் முதலில் விளங்கியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"கல்தரைன்னு சொன்னது நான். உன் ஆளுங்க தேடற டேப்புல இருக்கறது என் குரல்."

மேசையின் மேல் கைபேசி வெளிச்சம் வந்து முனகியது. யாரும் அதைத் தொடவில்லை. கடைசியில் வெர்னாதான் எடுத்துத் தேடித் தட்டினாள். நாற்பது விநாடி. ஆரஞ்சு விசிறிகள் நீரோட்டத்தில் மெல்ல அசைந்தன. நட்சத்திர மீன் ஒன்று தன் கையை நீட்டி மடக்கியது. பின்னால் யாரோ ஒருவர் மெதுவாக விசிலடித்தார்.

ரெனெல் மூன்று முறை பார்த்தாள். அழுதாள். பிறகு படத்தின் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள்.

"மே பதிமூணு," என்றாள்.

சமையலறைச் சுவரில் ஒரு படம் தொங்கியது. மே பதினாலு, கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக ரெனெல். கடல் உயிரியலில் பட்டம். ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் கார்லண்ட். அப்பா கழுத்துப்பட்டை கட்டியிருந்தார், காலில் மட்டும் ஹெலிகாப்டரில் வந்த அதே இரும்பு முனை வேலைப் பூட்ஸ். பட்டமளிப்புக்கு பூட்ஸோடு வந்த ஒரே அப்பா என்று ஆறு வருஷமாக அவரைக் கேலி செய்துகொண்டிருக்கிறாள்.

இப்போது அந்தப் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்காகவா?" என்று கேட்டாள்.

அவள் கொசுவலைக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டுக்குப் போய்விட்டாள்.

*

"போய் பேசு," என்றாள் வெர்னா. அவள் கண் சிவந்திருந்தது. "ஏன் நின்னுட்டிருக்க? எங்கிட்டகூட சொல்லலல்ல நீ. ஊர்பூரா காட்டினேன் மனுசா, என் தோட்டம் என் தோட்டம்னு."

அவர் போய் மகளுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தார். கீழே ஓடையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"கோவமா?"

"கோவப்படத் தெம்பு இல்லப்பா." திரும்பாமலே பேசினாள். "பட்டமளிப்புக்கு நீங்க வராட்டி நான் செத்தா போயிருப்பேன்? வருத்தப்பட்டிருப்பேன், நாலு நாள். அப்புறம் வந்து அந்தப் பவளத்தப் பத்தி சொல்லியிருந்தீங்கன்னா, சாமி சத்தியமா, அதுதான் எனக்குப் பரிசா இருந்திருக்கும்."

"தெரியும்."

"அப்போ தெரியலியா?"

"அப்போ தெரிஞ்சது ஒண்ணுதான். நீ பொறந்தப்போ நான் கடல்ல. மொத நற்கருணைக்கு நான் கடல்ல. ஸ்கூல்ல பரிசு வாங்கினப்போ கடல்ல. இதுக்கும் இல்லேன்னா நான் என்னத்துக்குன்னு தோணுச்சு. ஒரு வார்த்தைதானே, கடலுக்கு அடியில யாரு வந்து பாக்கப் போறான்னு நெனச்சேன்."

கீழே ஒரு பெலிக்கன் கட்டையில் உட்கார்ந்து இறகைக் கோதியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நீ சொல்லு," என்றார். "நான் அன்னிக்கு உண்மையச் சொல்லியிருந்தா அது பொழச்சிருக்குமா?"

ரெனெல் ரொம்ப நேரம் யோசித்தாள். அவரைச் சமாதானப்படுத்த ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தாளோ என்னவோ. சொல்லவில்லை.

"இல்லப்பா. எண்ணெய் எப்படியும் வந்திருக்கும். குழாய் எப்படி வளைஞ்சிருந்தாலும் வந்திருக்கும். செத்துத்தான் இருக்கும். ஆனா அது இருந்துச்சுன்னு ஒரு எடத்துல எழுதி இருந்திருக்கும்."

பிழைத்திருக்கும் என்று சொல்லியிருந்தால்கூட நோரிஸுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"எங்க சொல்லணும்? யார்கிட்ட?" என்று கேட்டார். "இப்பவே சொல்லிடறேன்."

"வேலை போயிடும்."

"ம்."

"ஓய்வுக்கு மூணு வருஷம்தான் இருக்குப்பா. இந்தக் கரையில வேற எந்தக் கப்பலும் உங்கள ஏத்தாது."

"ம். தெரியும்."

அவள் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் உப்புக் கோடு காய்ந்திருந்தது. "எங்கிட்ட சொல்ல முடியாது. நான் பதிவு பண்ணினா, மகளே சொல்லிக் குடுத்துட்டான்னு வக்கீல் கிழிச்சுப் போட்டுடுவான். நீங்க சாட்சின்னா, நான் அந்த வேலையில இருக்கவே கூடாது. கப்பல்ல இருந்து எறங்கிடணும்."

"நீயா? நீ என்ன பண்ணின?"

"உங்களுக்குப் பொறந்தேன்," என்றாள் ரெனெல். சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

*

டாக்டர் ஹாலின்ஸை அவள்தான் கைபேசியில் கூப்பிட்டாள். பேச்சு சுருக்கமாகவே இருந்தது.

"ஒரு பைலட் இருக்காரு. அந்த சர்வேய ஓட்டினவரு. பேசறேங்கறாரு. படமும் இருக்கு, உயிரோட... இல்ல டாக்டர், நான் கூட இருக்க முடியாது. ஏன்னா அவர் எங்கப்பா."

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். "தெரியும் டாக்டர். நாளைக்கு வந்து என் சாமான எடுத்துக்கறேன்," என்றாள் ரெனெல். கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, கம்போ தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். கொசுவலைக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

டட்லி போகவில்லை. "நான் இருக்கலாமா மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

"இரு."

"உங்களுக்கு வசதியான மாதிரி சொல்லுங்க," என்றது டாக்டரின் குரல். "பதிவு ஓடுது."

வசதியான மாதிரி சொல்ல அவருக்கு ஒரே வழிதான் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பது வருஷமாக இரும்பு அறைக்குள் பேசிய அதே தொனி தானாக வந்தது.

"இறக்கம் நாற்பத்தொன்று. மே பதிமூன்று. ஆழம் நாலாயிரத்து ஐந்நூற்று இருபது அடி. ஓட்டுபவர் நோரிஸ் லிரெட். கண்டது..."

நின்றுவிட்டார். வெர்னா பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"கண்டது, பவளம்."

"மன்னிக்கணும், சரியா கேக்கல. இன்னொரு தடவ சொல்ல முடியுமா?"

"பவளம்," என்றார் நோரிஸ், உரக்க. "மேடு பூரா. உயிரோட இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு இல்லன்னு சொன்னேன்."

கதவுக்கு வெளியே அந்த முதுகு குலுங்குவது தெரிந்தது. டட்லி மூக்கை உறிஞ்சினான். நோரிஸுக்கு அப்படியே மேசையில் தலை வைத்துத் தூங்கிவிடலாம் போலிருந்தது.

"நன்றி, திரு. லிரெட். இது உங்களுக்குச் சுலபமில்லன்னு புரியுது," என்றார் டாக்டர். காகிதம் புரளும் சத்தம். "இன்னும் ஒரே ஒரு கேள்வி. படத்துல பின்னாடி ஒரு விசில் கேக்குதுன்னு ரெனெல் சொன்னா. அது நீங்களா?"

"இல்ல," என்றார். யோசிக்காமல் வந்துவிட்டது.

"அப்போ அந்த நேரம் அறையில உங்களோட இன்னொருத்தர் இருந்தாரு. கல்தரைன்னு சொல்றது யாரோட யோசனை?"

மேசையின் மறுகோடியில் நோரிஸின் கைபேசி அதிர ஆரம்பித்தது. கம்போ சிந்திய மேசைத்துணியின் மேல் அது மெல்ல நகர்ந்து நகர்ந்து வந்தது. திரையில் ஒரே ஒரு பெயர். வெர்னா அதைப் படித்துவிட்டுக் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கொசுவலைக் கதவு திறந்தது. ரெனெல் உள்ளே வந்தாள். அவள் கைபேசியைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரில் தொங்கிய படத்தின் முன்னால் போய் நின்றாள். தனக்கு இடது பக்கம் நின்றவரை விட்டுவிட்டு, வலது பக்கம் நின்று சிரிக்கும் மனிதரின் முகத்திலிருந்து மெதுவாகக் கீழே பார்த்தாள்.

"அப்பா," என்றாள். "பாரெனும் பூட்ஸ்தான் போட்டிருக்காரு."